களிமண்ணில் ஒரு குழி

1

1749ஆம் வருடத்தின் வசந்த காலம். பாரிஸில் ஒரு வீட்டில் நாற்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் காலை எட்டு, ஒன்பது மணிக்கு எழுந்து நேராக எழுத்து மேசைக்குப் போகிறார். மதியம் மூன்று மணி வரை வேலை. ஒரு காபி. நான்கு மணிக்கு மறுபடியும் மேசை. இரவு பத்து மணிக்குக் கொஞ்சம் சாப்பாடு, நள்ளிரவு வரை நண்பரோடு பேச்சு. அப்புறம் தூங்கப் போவார் என்று நினைத்தால் இல்லை, திரும்பவும் மேசை, விடிகாலை ஐந்து மணி வரைக்கும். இந்த அட்டவணையை அவரே தன் காதலனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அப்போது அவர் கர்ப்பிணி.

அந்தக் காலத்தில் நாற்பது வயதுக்கு மேல் பிள்ளை பெறுவது உயிரைப் பணயம் வைக்கிற காரியம். அது அவருக்குத் தெரியும். பிரசவத்துக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்று ஒரு வேலையை வைத்திருந்தார்: நியூட்டனின் ‘பிரின்கிபியா’வை லத்தீனிலிருந்து பிரெஞ்சுக்குக் கொண்டுவருவது. கூடவே, நியூட்டன் பழைய வடிவியல் முறையில் எழுதிவைத்ததைப் புதிய நுண்கணித மொழிக்கு மாற்றி ஒரு விரிவுரை எழுதுவது.

அவர் பெயர் எமிலி து ஷாத்லே. அவர் நள்ளிரவில் பேசிக்கொண்டிருந்த நண்பர் வால்டேர்.

இணையத்தில் எமிலியைப் பற்றித் தேடினால் இரண்டு விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, வால்டேரின் காதலி. இரண்டு, களிமண்ணில் குண்டுகளைப் போட்டுப் பார்த்து ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் வரும் ‘வர்க்கத்தை’க் கண்டுபிடித்தவர். முதலாவது உண்மை, ஆனால் பாதிக் கதை. இரண்டாவது தப்பு. களிமண்ணில் குண்டு போட்டவர் வேறு ஆள். ஐன்ஸ்டைனின் வர்க்கத்துக்கும் அந்தக் குண்டுகளுக்கும் நேரடித் தொடர்பும் கிடையாது. எமிலி செய்தது வேறு. என் கணக்கில் அதைவிடக் கடினமானது. ஓடுகிற ஒரு பொருளிடம் எவ்வளவு ‘விசை’ இருக்கிறது என்ற கேள்வியில் ஐரோப்பா இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, தன் நாடும், தன் நண்பர்களும், தன் வீட்டிலேயே இருந்த வால்டேரும் நின்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

2

சண்டை என்னவென்று புரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இன்றைக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூட விசை, உந்தம், ஆற்றல் என்று மூன்று சொற்களைத் தனித்தனியாகச் சொல்லும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தாவது சொல்லும். பதினேழாம் நூற்றாண்டில் இந்த மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே சொல்தான் இருந்தது. லத்தீனில் ‘விஸ்’, பிரெஞ்சில் ‘ஃபோர்ஸ்’. தள்ளுவதும் அதுதான், ஓடுகிற பொருளுக்குள் இருப்பதும் அதுதான். சும்மா கிடக்கிற கல் அசைய மறுக்கிறதே, அதற்கும் நியூட்டன் ‘விஸ்’ என்றுதான் பெயர் வைத்தார்.

அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே தொந்தரவு செய்த கேள்வி இது. வில்லை விட்டு வெளியே வந்த அம்பை அப்புறம் யார் தள்ளுகிறார்கள்? காற்றுதான் என்றார் அரிஸ்டாட்டில். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவின் ஃபிலோபோனஸ் அதை ஏற்கவில்லை, எறிபவன் எதையோ அம்புக்குள் வைத்து அனுப்புகிறான் என்றார். பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸின் பூரிதான் அந்த ‘எதையோ’வுக்கு இம்பீட்டஸ் என்று பெயர் சொல்லி, பொருள் எவ்வளவு இருக்கிறதோ, வேகம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அது இருக்கும் என்றார்.

1644இல் தெக்கார்த் இதை ஒரு பெரிய விதியாக மாற்றினார். கடவுள் உலகத்தைப் படைத்தபோது குறிப்பிட்ட அளவு இயக்கத்தை அதற்குள் வைத்தார், அந்த அளவு கூடாது, குறையாது. அளப்பது எப்படி? பொருளின் அளவை வேகத்தால் பெருக்கு. அவ்வளவுதான். ஒரு குண்டு இன்னொன்றை இடித்தால், இது இழந்ததை அது வாங்கிக்கொள்ளும்.

1686இல் லைப்னிஸ் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். தெக்கார்த்தின் நினைவில் வைக்கத்தக்க பிழை என்று தலைப்பிலேயே குத்தியிருந்தார். வாதம் எளிமையானது. ஒரு கிலோ எடையை நான்கு மீட்டர் தூக்குவதும், நான்கு கிலோவை ஒரு மீட்டர் தூக்குவதும் ஒரே உழைப்பு. மாடிக்குத் தண்ணீர்க் குடம் சுமந்தவர்களுக்கு இதற்கு நிரூபணம் தேவையில்லை. இப்போது இரண்டையும் கீழே விடுவோம். விழும்போது ஒவ்வொன்றும் தான் கிளம்பிய உயரத்துக்கே திரும்ப ஏறுவதற்கு வேண்டிய விசையைச் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே தரையைத் தொடும்போது இரண்டிலும் ஒரே விசை இருக்க வேண்டும்.

வேகத்துக்குக் கலிலியோ ஏற்கெனவே கணக்குச் சொல்லிவிட்டார். நான்கு மடங்கு உயரத்திலிருந்து விழுந்தால் வேகம் நான்கு மடங்கு ஆகாது, இரண்டு மடங்குதான். அப்படியென்றால் ஒரு கிலோ குண்டின் வேகம் 2 என்றால் நான்கு கிலோ குண்டின் வேகம் 1. தெக்கார்த் முறையில் பெருக்கினால் முதலாவது 2, இரண்டாவது 4. சமமாக இருக்க வேண்டியது சமமாக இல்லை. வேகத்தை வர்க்கமாக்கிப் பெருக்கிப் பாருங்கள். முதலாவது 1 × 4, இரண்டாவது 4 × 1. இரண்டும் நான்கு.

எடை இன்ட்டு வேகத்தின் வர்க்கம். இதற்கு லைப்னிஸ் வைத்த பெயர் ‘விஸ் விவா’, அதாவது உயிர் விசை. நாற்பது, ஐம்பது வருடச் சண்டை இங்கே தொடங்கியது.

3

வெளியிலிருந்து பார்த்தால் இது ஒரு சூத்திரத் தகராறு. உள்ளே வேறு விஷயங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ஒன்று, கடவுள். இரண்டு களிமண் உருண்டைகள் எதிரெதிரே ஒரே வேகத்தில் வந்து மோதி ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றன. இயக்கம் எங்கே போயிற்று? நியூட்டனுக்கு அது பெரிய பிரச்னை இல்லை. உலகத்தில் இயக்கம் குறைந்துகொண்டே வரும், அவ்வப்போது புதுப்பிக்கப்பட வேண்டியிருக்கும் என்று எழுதிவிட்டார். லைப்னிஸ் சிரித்தார். நியூட்டனின் கடவுள் தான் செய்த கடிகாரத்துக்குத் தானே அடிக்கடி சாவி கொடுக்கிறாரா? நல்ல கடிகாரக்காரன் அப்படிச் செய்யமாட்டானே! மோதி நின்ற உருண்டையின் உயிர் விசை அழியவில்லை, உருண்டைக்குள் இருக்கிற சின்னச் சின்னத் துகள்களுக்குப் போய்விட்டது, பெரிய காசைச் சில்லறை மாற்றியது போல, என்றார். அதை நிரூபிக்க அவரிடம் வழியில்லை.

இரண்டு, நாடு. நுண்கணிதத்தை முதலில் கண்டது யார் என்ற சண்டையில் ஆங்கிலேயர்களும் ஜெர்மானியர்களும் ஏற்கெனவே முறைத்துக்கொண்டிருந்தார்கள். விஸ் விவாவை ஏற்றுக்கொண்டால் லைப்னிஸ் கட்சி, மறுத்தால் நியூட்டன் கட்சி அல்லது தெக்கார்த் கட்சி. ‘நீ எந்தக் கட்சி?’ என்று பார்த்துவிட்டுக் கணக்கைப் பார்க்கும் பழக்கம் இன்றைக்கு வந்ததல்ல.

அந்தச் சமயத்தில்தான் களிமண் வருகிறது. நெதர்லாந்தின் லெய்டனில் ’ஸ் க்ராவெஸாண்டே என்ற பேராசிரியர். நியூட்டனின் தீவிர ஆதரவாளர். ஐரோப்பாக் கண்டத்தில் நியூட்டனைப் பாடமாக நடத்திய முதல் ஆட்களில் ஒருவர். 1722 வாக்கில் ஒரே அளவுள்ள, ஆனால் வெவ்வேறு எடையுள்ள பித்தளைக் குண்டுகளை மெத்தென்ற களிமண் மேல் போட்டுப் பார்த்தார். எடைகள் 1, 2, 3 என்றால், விட்ட உயரங்கள் 3, 2, 1. குழிகள் ஒரே மாதிரி விழுந்தன. எடையையும் உயரத்தையும் பெருக்கினால் வருவது சமமாக இருந்தால் குழியும் சமம். உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே குழி தோண்டுவது வேகம் அல்ல, வேகத்தின் வர்க்கம். இத்தாலியில் போலெனி இதே போன்ற சோதனையை அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே செய்திருந்தார்.

’ஸ் க்ராவெஸாண்டே கட்சி மாறினார். நியூட்டனை விடவில்லை. இந்த ஒரு விஷயத்தில் லைப்னிஸ் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார். லண்டனில் நியூட்டனின் சீடர் சாமுவேல் கிளார்க் 1728இல் கடுமையாக எதிர்த்து எழுதினார். இப்படி எழுதினால் நியூட்டன் பெயர் கெட்டுவிடும் என்ற பதற்றம் அந்த எழுத்தில் தெரியும். களிமண்ணில் இருந்த குழி எல்லோர் கண்ணுக்கும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்கள்.

4

எமிலி பிறந்தது 1706, டிசம்பர் 17. அப்பா பதினான்காம் லூயி அரசவையில் வெளிநாட்டுத் தூதர்களை அழைத்துப்போய் அறிமுகப்படுத்தும் பதவியில் இருந்தவர். பெண்ணுக்குக் கிடைத்த படிப்பு அந்தக் காலத்துப் பெண்களுக்குக் கிடைத்ததைவிட எவ்வளவோ மேல். பதினெட்டு வயதில் ஒரு ராணுவப் பிரபுவோடு கல்யாணம். அவர் பாதி நாள் படைப்பிரிவோடு வெளியூரில். மூன்று குழந்தைகள், கடைசிக் குழந்தை சின்ன வயதிலேயே இறந்துவிட்டது.

இருபத்தாறு, இருபத்தேழு வயதில் எமிலி கணிதத்தைத் தீவிரமாகப் பிடித்துக்கொண்டார். மோப்பெர்துய், க்ளேரோ என்று பிரான்சின் மிகச் சிறந்த இளம் கணித மூளைகளை ஆசிரியர்களாக வைத்துக்கொண்டார். அந்த ஆட்கள் கூடிப் பேசும் காபிக்கடைக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை. எமிலி ஆண் உடை போட்டுக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார் என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, அறிவியல் அகாதெமியின் கதவுக்கு எந்த உடையும் போதாது. பாரிஸ் அறிவியல் அகாதெமியில் ஒரு பெண் முழு உறுப்பினராக நுழைந்தது 1979இல். தப்பாகப் படிக்கவில்லை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது.

1734இல் வால்டேரின் புத்தகம் ஒன்று அரசாங்கத்தின் கோபத்தைக் கிளப்ப, கைது உத்தரவு வந்தது. எமிலியின் கணவருக்குச் சொந்தமான சிரே கிராமத்துப் பழைய மாளிகையில் போய் ஒளிந்தார். பிறகு எமிலியும் அங்கே வந்து சேர்ந்தார். புத்தகங்கள், தொலைநோக்கிகள், சோதனைக் கருவிகள் என்று அந்த வீடே ஒரு சின்ன அகாதெமி ஆயிற்று. 1738இல் வால்டேர் பெயரில் வந்த நியூட்டன் அறிமுக நூலின் பின்னால் எமிலியின் கணக்கு இருக்கிறது. வால்டேர் அதை மறைக்கவும் இல்லை, சமர்ப்பணத்திலேயே அவரைப் புகழ்ந்திருக்கிறார்.

அதே சமயத்தில் நெருப்பின் இயல்பு பற்றி அகாதெமி ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. வால்டேர் சிரேயில் இரும்பைக் காய்ச்சி எடை போட்டுக்கொண்டிருந்தார். எமிலிக்கு அவர் முடிவுகளில் உடன்பாடு இல்லை. என்ன செய்தார்? சொல்லாமல் தானும் ஒரு கட்டுரை எழுதினார். ராத்திரி ராத்திரியாக, தூக்கம் வரும்போது கைகளைப் பனிக்கட்டித் தண்ணீரில் முக்கிக்கொண்டு. இருவருக்கும் பரிசு இல்லை, வென்ற மூவரில் ஒருவர் ஆய்லர். ஆனால் இரண்டு கட்டுரைகளையும் அகாதெமி அச்சிட்டது.

இந்தக் கட்டுரையில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. விஸ் விவாவுக்கு எதிராக 1728இல் எழுதிய மேரான் என்பவரை எமிலி அதில் பாராட்டியிருந்தார். அச்சுக்குப் போகிற நேரத்தில் அவர் மனம் மாறிவிட்டது. பிழைதிருத்தம் போட்டு மாற்ற முடியுமா என்று கேட்டார். இது பின்னால் அவர் தலையில் வந்து விழப் போகிறது.

5

1740இல் எமிலியின் இயற்பியல் நூல் வந்தது. பெயர் போடாமல். மகனுக்குச் சொல்லித்தருகிற பாவனையில் எழுதப்பட்ட புத்தகம். பிரெஞ்சில் நல்ல இயற்பியல் நூலே இல்லை, அதனால் நானே எழுதுகிறேன் என்ற தொனி. ஆனால் உள்ளே இருப்பது வெறும் பாடப்புத்தகம் இல்லை. நியூட்டனின் ஈர்ப்பையும் லைப்னிஸின் தத்துவத்தையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருகிற முயற்சி. இரண்டு கட்சிக்கும் பிடிக்காத காரியம்.

கடைசி அத்தியாயம் ஓடுகிற பொருள்களின் விசையைப் பற்றியது. அதில் மேரானின் வாதத்தைப் பெயர் சொல்லியே எடுத்து உடைத்தார். புத்தகம் வந்த கொஞ்ச நாளில் மேரானுக்கு அகாதெமியின் நிரந்தரச் செயலாளர் பதவி கிடைத்தது. பிரெஞ்சு அறிவியலின் அதிகாரபூர்வக் குரலே அவர்தான் என்றாயிற்று.

மேரானின் வாதத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மட்டமான வாதம் இல்லை. ஒரு கல்லை மேலே எறிகிறோம். தடை எதுவும் இல்லாவிட்டால் முதல் நொடியில் 2 அடி போகும். ஈர்ப்பு இழுப்பதால் 1 அடிதான் போய் நிற்கிறது. இழந்தது 1. இப்போது இரட்டிப்பு வேகத்தில் எறிவோம். முதல் நொடியில் 4 போக வேண்டியது, 3 போகிறது. இரண்டாவது நொடியில் 2 போக வேண்டியது, 1 போய் நிற்கிறது. மொத்தம் ஏறியது 4 அடி, உண்மைதான். ஆனால் இழந்தது ஒவ்வொரு நொடியிலும் 1, ஆக 2. (இந்த எண்கள் விளக்கத்துக்காக, நம்ம ஊர் ஈர்ப்பு இதைவிடப் பலமானது.) வேகம் இரட்டிப்பு, இழப்பும் இரட்டிப்பு. ஏறிய தூரத்தைப் பார்க்காதே, ஏறாமல் போன தூரத்தைப் பார், அதுதான் விசையின் அளவு என்றார் மேரான். வர்க்கம் எல்லாம் தேவையே இல்லை.

எமிலியின் பதில் சுருக்கமாக இது: நடந்த வேலையை விட்டுவிட்டு நடக்காத வேலைக்குக் கணக்கு எழுதுகிறீர்கள். கல் ஏறியது 4 அடி. வழியில் சுருள்வில்கள் இருந்தால் அத்தனையையும் அமுக்கியிருக்கும். களிமண் இருந்தால் அந்த அளவுக்குத் தோண்டியிருக்கும். போகாத இடத்தில் கல் எதையும் செய்யவில்லை. செய்யாததை வைத்து எப்படி அளப்பது?

மேரான் 1741 பிப்ரவரியில் பகிரங்கக் கடிதம் எழுதினார். கணக்கோடு நிற்கவில்லை. முன்பு என்னைப் புகழ்ந்தவர் இப்போது மாறிவிட்டார், சிரேயில் யாரோ வந்து மனதைக் கலைத்துவிட்டார்கள், என் கட்டுரையை இன்னொரு தரம் நிதானமாகப் படிக்கட்டும் என்ற தொனி அதில் இருந்தது. இந்தத் தொனி நமக்குப் பரிச்சயமானதுதான். ஒரு ஆண் கருத்தை மாற்றிக்கொண்டால் சிந்தித்தார் என்போம். ஒரு பெண் மாற்றிக்கொண்டால் யாரோ மாற்றிவிட்டார்கள் என்போம்.

அந்த ‘யாரோ’வும் சும்மா இருக்கவில்லை. 1739இல் எமிலிக்குக் கணிதம் சொல்லித்தர வந்த சாமுவேல் கோனிக், அந்தப் புத்தகமே தன் பாடங்கள்தான் என்று பாரிஸ் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். உண்மையில் புத்தகத்தின் முதல் வடிவம் 1738லேயே, கோனிக் சிரேவில் கால் வைப்பதற்கு முன்பே, அரசாங்கத் தணிக்கையில் அனுமதி வாங்கியிருந்தது. லைப்னிஸ் பகுதிகளைச் சேர்ப்பதற்காக எமிலிதான் அச்சை நிறுத்திவைத்திருந்தார். கோனிக்கிடமிருந்து கற்றுக்கொண்டதை அவர் மறுக்கவும் இல்லை. ஆனால் வதந்திக்குத் தேதிகள் எதற்கு?

எமிலி மார்ச் மாதமே பதிலை அச்சடித்துவிட்டார். மறுபடி படிக்கச் சொன்னீர்களே, படித்தேன், படிக்கப் படிக்க என் முடிவு இன்னும் உறுதியாகிறது என்பதுதான் அதன் சாரம். மேரானின் வாதத்தை ஒவ்வொரு படியாக எடுத்துப் பதில் சொல்லியிருந்தார். மேரான் அதற்கப்புறம் எழுதவில்லை. அகாதெமியின் செயலாளர் பகிரங்கமாகப் பதில் எழுத வேண்டிவந்ததையே எமிலி தனக்குக் கிடைத்த கௌரவமாக எடுத்துக்கொண்டார். உள்ளே விடவில்லை, ஆனால் வாசலுக்கு வந்து பேச வேண்டியதாயிற்று.

அதே 1741இல் விஸ் விவாவை மறுத்து இன்னொருவர் அகாதெமிக்கு ஓர் ஆய்வுரை அனுப்பினார். வேறு யாரும் இல்லை, வால்டேர். சாப்பாட்டு மேசையில் என்ன பேசிக்கொண்டார்களோ!

6

யார் சொன்னது சரி?

இன்றைக்கு நமக்குத் தெரிகிற பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். இருவரும் சரி.

பைக் ஓட்டுகிறவர்கள் யோசித்துப் பாருங்கள். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய் பிரேக் அடிக்கிறோம். அடுத்து அறுபதில் போய் அதே அழுத்தத்தில் அடிக்கிறோம். நிற்க ஆகிற நேரம் இரண்டு மடங்கு. ஆனால் நிற்பதற்குள் ஓடுகிற தூரம் நான்கு மடங்கு. மேரான் கடிகாரத்தைப் பார்த்தார், எமிலி அளவுநாடாவைப் பார்த்தார். விசையை நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம், அதில் வேகம் ஒருமுறைதான் வரும். விசையைத் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது ஆற்றல், அதில் வேகம் வர்க்கமாக வரும். முன்னால் நிற்கிற லாரிக்கு நம் கடிகாரம் முக்கியமில்லை, தூரம்தான் முக்கியம் என்பது வேறு விஷயம்.

இரண்டுமே அழியாதவை என்பதற்கு அந்தக் காலத்து விவாதத்தில் அடிபட்ட ஒரு கணக்கு உண்டு. எடை 1, வேகம் 2 உள்ள ஒரு குண்டு, சும்மா நிற்கிற எடை 3 உள்ள குண்டை இடிக்கிறது. நன்றாகத் துள்ளும் குண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். பெரிய குண்டு வேகம் 1இல் முன்னால் போகும். சின்னது வேகம் 1இல் பின்னால் திரும்பும். வர்க்கக் கணக்கு: முன்பு 1 × 4 = 4. பின்பு 3 × 1, கூட்டல் 1 × 1, அதுவும் 4. தெக்கார்த் கணக்கு: முன்பு 1 × 2 = 2. பின்பு 3 + 1 = 4. உதைக்கிறதே! உயிர் விசைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் பின்னால் வருவதைக் கழித்தல் என்று வைத்தால் 3 − 1 = 2. சரியாகிவிட்டது. தெக்கார்த்தின் பிழை பெருக்கலில் இல்லை, திசையை விட்டதில் இருந்தது. உந்தத்துக்குத் திசை உண்டு. ஆற்றலுக்குத் திசை கிடையாது.

1743இல் தாலம்பேர் இது வெறும் சொற்சண்டை என்று எழுதினார். பாதி உண்மைதான். ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் மாட்டிக்கொண்டிருந்தன. ஆனால் ‘வெறும்’ என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள் இருக்கிறது என்று கண்டுபிடிக்க யாராவது இரண்டு பக்கமும் பலமாக இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சொல் பிரிய இன்னும் நூறு வருடம் ஆயிற்று. ‘எனர்ஜி’ என்ற சொல்லை தாமஸ் யங் இந்தப் பொருளில் அச்சேற்றியது 1807இல். கொரியோலிஸ் முன்னால் ஒரு ‘அரை’ சேர்த்து, ‘வேலை’ என்ற சொல்லுக்கு இயற்பியல் பொருள் கொடுத்தது 1829இல். லைப்னிஸால் நிரூபிக்க முடியாமல் போன அந்தச் சில்லறைக் காசு வெப்பம்தான் என்று ஜூல் அளந்து காட்டியது 1840களில். ஆற்றல் அழியாது என்று 1847இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுரையின் தலைப்பில்கூட ‘விசை’ என்றுதான் இருக்கிறது.

தமிழிலும் இந்த முடிச்சு இருக்கிறது. பேச்சில் சக்தி, பலம், வலு, விசை, வேகம் எல்லாம் ஒன்றுதான். ‘என்னா ஃபோர்ஸா அடிச்சான் பாரு’ என்று சொல்லும்போது மூன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். பாடப்புத்தகத்துக்கு வரும்போதுதான் பிரித்தாக வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் ஆற்றல், திறன் என்று படிப்பதை இலங்கையில் சக்தி, வலு என்று படிக்கிறார்கள். விசை மட்டும் இரண்டு இடத்திலும் விசை. எந்தச் சொல்லை எந்தப் பொருளுக்கு ஒதுக்கினாலும் சரி, ஒதுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் அவ்வளவு காலம் பிடித்தது.

7

1746இல் இத்தாலியின் பொலோஞா அறிவியல் அகாதெமி எமிலியை உறுப்பினராக்கியது. பாரிஸ் ஆக்கவில்லை. அந்தச் சமயத்தில் அவர் ‘பிரின்கிபியா’ மொழிபெயர்ப்பில் இறங்கியிருந்தார்.

யோசித்தால் இது விசித்திரமான தேர்வு. நியூட்டன் கட்சியோடு மோதியவர், லைப்னிஸ்காரி என்று பெயர் வாங்கியவர், நியூட்டனின் நூலுக்குத் தன் கடைசி வருடங்களைக் கொடுக்கிறார். அவருக்கு அதில் முரண் இல்லை. கோள்கள் ஏன் அப்படிச் சுற்றுகின்றன என்பதில் நியூட்டன் சரி. மோதலில் எது மிஞ்சுகிறது என்பதில் லைப்னிஸ் சரி. இதைச் சொல்ல ஏன் ஒரு கட்சியில் சேர வேண்டும்? அவருடைய விரிவுரை நியூட்டனின் நிரூபணங்களை லைப்னிஸின் நுண்கணிதக் குறியீட்டில் எழுதியது. அந்த இரண்டு பேரையும் ஒரே பக்கத்தில் உட்காரவைத்ததே ஒரு பதில்தான்.

1748இல் லூனெவீல் அரசவையில் சான் லாம்பெர் என்ற இளம் கவிஞன் மேல் காதல். அந்தக் காதலின் கர்ப்பம்தான் இது. 1749இன் முதல் பாதி முழுக்கப் பாரிஸில் க்ளேரோவோடு உட்கார்ந்து கணக்குகளைச் சரிபார்த்தார். தான் இறந்துவிடுவோம் என்ற பயம் கடிதங்களில் தெரிகிறது. ஆனால் சாவைவிட வேலை பாதியில் நின்றுவிடுமோ என்ற பயம்தான் அதிகம். கோடையில் லூனெவீலுக்குப் போனார். பிரசவத்துக்குச் சில நாள் முன்பு கையெழுத்துப் பிரதியை அரசர் நூலகத்துக்கு அனுப்பிவைத்தார், பத்திரமாக இருக்கட்டும் என்று.

செப்டம்பர் 4ஆம் தேதி பெண் குழந்தை பிறந்தது. நியூட்டனைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது வலி வந்ததாகவும், பிறந்த குழந்தையை ஒரு வடிவியல் புத்தகத்தின் மேல் கிடத்தியதாகவும் வால்டேர் நண்பர்களுக்குக் கேலியாகக் கடிதம் எழுதினார். அவ்வளவு நிம்மதி அவருக்கு. ஆறு நாள் கழித்து, 10ஆம் தேதி, எமிலி இறந்தார். குழந்தையும் இரண்டு வயது ஆவதற்குள் போய்விட்டது.

புத்தகம் பத்து வருடம் கிடந்தது. 1756இல் ஒரு பகுதி வெளிவந்தது. முழுதாக வந்தது 1759இல். அந்த வருடம் எல்லோரும் நியூட்டனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் ஹாலி சொல்லிவைத்த வால்நட்சத்திரம் திரும்பி வந்துவிட்டது. அது வரும் தேதியைக் கணக்குப் போட்டு, ஒரு மாதம் தள்ளிச் சொன்னவர் க்ளேரோ. எமிலியின் பழைய கணித ஆசிரியர், அவருடைய பிரதியை அச்சுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அந்தக் கணக்கில் அவரோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து எண்களைக் கூட்டிப் பெருக்கியவர்களில் நிக்கோல்-ரேன் லெபோத் என்ற பெண்ணும் ஒருவர்.

பிரெஞ்சில் ‘பிரின்கிபியா’ வேண்டும் என்று இன்றைக்குக் கேட்டாலும் பெரும்பாலும் கையில் கிடைப்பது எமிலியின் மொழிபெயர்ப்புதான். பள்ளிக்கூடத்தில் இயக்க ஆற்றலுக்கு ‘அரை எம் வி ஸ்கொயர்’ என்று எழுதும்போது அந்த ஸ்கொயர் எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லித்தருவதில்லை, எனக்கும் சொல்லித்தரவில்லை. எம் வி ஒரு பாடத்தில் வரும், அரை எம் வி ஸ்கொயர் அடுத்த பாடத்தில் வரும். நடுவில் ஒரு பக்கத்தைத் திருப்பினால் போதும். அந்த ஒரு பக்கத்தைத் திருப்ப ஐரோப்பாவுக்கு நூற்றைம்பது வருடம் ஆயிற்று என்று தெரிந்திருந்தால், அந்த இரண்டு சூத்திரங்களையும் பரீட்சையில் மாற்றி மாற்றி எழுதியதற்காக நான் இவ்வளவு வெட்கப்பட்டிருக்கமாட்டேன்.